குவாண்டாஸ் 32: என்ஜின் வெடித்த விமானத்தில் பணிக்குழுவின் சேவை எப்படி இருந்தது?

விமான நிறுவனங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் கால் நீட்ட இடம் இருந்ததா, சாப்பாடு சூடாக வந்ததா, பெட்டி பத்திரமாக வந்து சேர்ந்ததா என்றுதான் பார்க்கிறார்கள். அதே டிக்கெட் காசில் இன்னொரு சேவைக்கும் பணம் கட்டியிருக்கிறோம். நடுவானில் என்ஜின் கெட்டால் அதைக் கையாளத் தெரிந்த ஆட்கள் முன்னால் உட்கார்ந்திருக்க வேண்டும், கேபினில் நடமாட வேண்டும். பெரும்பாலான பயணிகள் அந்தச் சேவையை வாழ்நாளில் ஒருமுறைகூடப் பார்ப்பதில்லை. அதனால் அது நன்றாக இருக்கிறதா இல்லையா என்று பேசவும் நமக்குப் பழக்கமில்லை.

பேசுவதற்கு நல்ல சான்று ஒன்று இருக்கிறது. 2010 நவம்பர் 4 அன்று சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்திலிருந்து சிட்னிக்குப் புறப்பட்ட, ஆஸ்திரேலிய நிறுவனமான குவாண்டாஸின் 32-ஆம் எண் விமானம். ஏர்பஸ் ஏ380, பெயர் 'நான்சி-பேர்ட் வால்டன்'. 440 பயணிகள், 29 பணியாளர்கள். ஆஸ்திரேலியப் போக்குவரத்துப் பாதுகாப்புப் பணியகம் இந்தச் சம்பவத்தை மூன்று ஆண்டுகளுக்கு நெருக்கமாக ஆராய்ந்து 2013 ஜூனில் இறுதி அறிக்கை வெளியிட்டது. விமானிகளும் பின்னாளில் பொதுமேடைகளில் விரிவாகப் பேசியிருக்கிறார்கள். காக்பிட்டிலும் கேபினிலும் யார் எப்போது என்ன செய்தார்கள் என்பது இந்த அளவுக்குத் துல்லியமாக வெளியே தெரிந்த பயணங்கள் குறைவு.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். இந்தக் குழுவின் வேலை மிக உயர்ந்த தரம். அந்தத் தரத்தின் வேர் அவர்களுடைய வேகத்தில் இல்லை, எந்த இடத்தில் அவசரப்படக் கூடாது என்று தெரிந்திருந்ததில் இருக்கிறது. ஓரிரு இடங்களில் சறுக்கலும் உண்டு, அதையும் பார்ப்போம்.

முதல் இரண்டு நிமிடங்கள்

விமானம் காலை 9.56-க்குக் கிளம்பியது. சுமார் நான்கு நிமிடம் கழித்து, இந்தோனேசியாவின் பாத்தாம் தீவுக்கு மேலே 7,000 அடியைக் கடந்து ஏறிக்கொண்டிருந்தபோது, அடுத்தடுத்து இரண்டு பெரிய சத்தங்கள். ஏ380-இல் நான்கு என்ஜின்கள், இடப்பக்க வெளி என்ஜினிலிருந்து எண்ணிக்கை தொடங்கும். இடப்பக்கம் உள்ளே இருக்கும் 2-ஆம் எண் என்ஜின், ரோல்ஸ்-ராய்ஸ் ட்ரென்ட் 900, வெடித்திருந்தது.

உள்ளே நடந்தது இது. பேரிங் பகுதிக்கு எண்ணெய் கொண்டுபோகும் ஒரு குட்டிக் குழாயின் வாய்ப்பகுதியைக் கடைந்தபோது அச்சு விலகிவிட்டது. அதனால் குழாயின் சுவர் ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் போனது. மெலிந்த பக்கம் அதிர்வுக்கு ஈடுகொடுக்காமல் சோர்ந்து விரிசல் கண்டது. கசிந்த எண்ணெய் சூட்டில் தானாகப் பற்றிக்கொண்டு, இடைநிலை அழுத்த டர்பைன் வட்டின் தோள்பகுதியைச் சுட்டு மென்மையாக்கியது. வட்டு தண்டிலிருந்து கழன்றது. இழுக்க வேண்டிய பளு இல்லாமல் போன டர்பைன், சூடான வாயு தள்ளத் தள்ளக் கட்டுமீறிச் சுழன்று, துண்டு துண்டாகச் சிதறியது. விசிறியின் இதழ் ஒன்று உடைந்தால் அதைத் தாங்கிப் பிடிக்கும்படி என்ஜின் உறை கட்டப்படுகிறது. டர்பைன் வட்டின் துண்டைப் பிடித்து நிறுத்த எந்த உறையாலும் முடியாது. அந்தத் துண்டுகள் இறக்கையையும் வயிற்றுப் பகுதியையும் துளைத்து, நூற்றுக்கணக்கான கம்பிகளை அறுத்துக்கொண்டு போயின.

இது எதுவும் அப்போது விமானிகளுக்குத் தெரியாது. கேப்டன் ரிச்சர்ட் டி கிரெஸ்பினி செய்த முதல் காரியம், இருக்கும் உயரத்தில் நிலைநிறுத்தும் பொத்தானை அழுத்தியது. விமானம் ஏறுவதை நிறுத்திச் சமமானது. ஏறுவது நின்றால் தானியங்கித் த்ரஸ்ட் என்ஜின்களின் விசையைக் குறைக்க வேண்டும். அது குறைக்கவில்லை, செயலிழந்திருந்தது. கேப்டன் அதைக் கவனித்து லீவர்களைக் கையால் பின்னுக்கு இழுத்தார். சின்ன விஷயம் போலத் தெரியும். சத்தம் கேட்ட மாத்திரத்தில் எல்லோரும் எச்சரிக்கைத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தால், விமானம் பாட்டுக்கு வேகம் கூடிக்கொண்டே போயிருக்கும். விமானிகளுக்கு முதல் நாளிலிருந்து சொல்லித்தருவது இந்த வரிசையைத்தான்: முதலில் பற, அடுத்து எங்கே போகிறாய் என்று பார், அதற்கப்புறம் பேசு.

திரையில் வந்த முதல் செய்தி 2-ஆம் என்ஜினின் டர்பைன் மிகையாகச் சூடாகிறது என்பது. அதற்கான நடைமுறை, லீவரை ஐடிலுக்கு, அதாவது மிகக் குறைந்த விசைக்கு, கொண்டுவந்து கண்காணிப்பது. கண்காணித்துக்கொண்டிருந்தபோதே தீ எச்சரிக்கை ஓரிரு விநாடி வந்து மறைந்தது. உடனே என்ஜினை அணைக்க முடிவு செய்தார்கள். அணைத்ததும், என்ஜின் செயலிழந்தது என்றும் சேதம் தீவிரமானது என்றும் காட்டிய அறிகுறிகளைப் பார்த்துத் தீயணைப்பு பாட்டிலை இயக்கினார்கள். ஒவ்வொரு என்ஜினுக்கும் இரண்டு பாட்டில்கள் உண்டு. முதலாவதை அழுத்தியபோது அது வெளியேறியதற்கான உறுதிச் சைகை வரவில்லை. இரண்டாவதற்கும் வரவில்லை.

சாங்கியிடம் 'பான் பான்' என்று அறிவித்தார்கள். இது அவசர நிலை. இதற்கு மேலே உள்ள படி 'மேடே', உயிராபத்து நிலை. இறக்கையில் ஓட்டை என்று தெரிந்த பிறகாவது மேடேக்கு உயர்த்தியிருக்கலாம் என்பது எங்கள் கருத்து. சாங்கி கட்டுப்பாட்டு அறை கேட்டதையெல்லாம் கொடுத்ததால் நடைமுறையில் வித்தியாசம் வரவில்லை. வேறு ஒரு நெரிசலான வான்வெளியில் அந்த ஒரு சொல் வித்தியாசத்தை உண்டாக்கியிருக்கும்.

வட்டமடித்த ஐம்பது நிமிடம்

இந்த மதிப்புரையின் மையம் இங்கேதான். ஏ380-இல் கோளாறுகளைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் செய்ய வேண்டிய படிகளைத் திரையில் காட்டும் அமைப்புக்கு ஈகேம் என்று பெயர். அன்று அதில் வந்தவை 50-க்கும் மேற்பட்ட செய்திகள். திரவ அழுத்தத்தால் விமானப் பாகங்களை அசைக்கும் ஹைட்ராலிக் அமைப்புகள் பச்சை, மஞ்சள் என்று இரண்டு. பச்சையில் அழுத்தமும் திரவமும் குறைவு. மஞ்சள் அமைப்பில் 4-ஆம் என்ஜினின் பம்புகளில் பிழை. மின்சாரத்தைப் பகிர்ந்து அனுப்பும் தடங்களில் முதலாம், இரண்டாம் ஏசி பஸ்கள் போயின. இறக்கையின் முன்விளிம்பு ஸ்லாட்கள் இயங்காது. விமானத்தைச் சாய்க்கும் ஏலெரான்களும், இறக்கையின் மேல் எழும்பும் ஸ்பாய்லர்களும் ஓரளவே இயங்கும். 1, 4 என்ஜின்களின் கட்டுப்பாடு தரங்குறைந்த முறையில், 3-ஆம் என்ஜினுடையது மாற்று முறையில். எரிபொருளைக் கொட்டும் வசதி பழுது. பிரேக், சக்கரக் கணினி, காற்றுக் குழாய்க் கசிவு என்று வரிசை நீண்டது. துணை மின் என்ஜினை ஓடவிட்டுப் பார்த்தார்கள். ஓடியது, ஆனால் அதன் ஜெனரேட்டரை மின்சுற்றில் சேர்க்க முடியவில்லை.

இந்த நிலையில் ஒரு குழுவுக்கு முன்னால் இரண்டு பாதைகள். ஓடுபாதை பக்கத்திலேயே இருக்கிறது, போய் இறங்கிவிடலாம். இல்லையென்றால் மேலேயே இருந்து என்ன மிச்சமிருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். கட்டுக்கடங்காத தீ எரிகிறது, புகை உள்ளே வருகிறது என்றால் கேள்வியே இல்லை, உடனே இறங்க வேண்டும். இங்கே தீ எச்சரிக்கை நிலைக்கவில்லை, விமானம் சொன்ன பேச்சைக் கேட்டது, எரிபொருள் நிறைய இருந்தது. இறங்கினால் நிற்குமா என்பதுதான் தெரியாது. ஆகவே சாங்கியிலிருந்து 30 கடல் மைலுக்குள் வைத்திருக்கும்படி கேட்டு, கிழக்கே 7,400 அடியில் வட்டமடித்தார்கள். எந்த நொடியிலும் ஓடுபாதைக்குத் திரும்பக்கூடிய தூரம் அது.

வட்டமடித்தபடி ஈகேமை முடிக்கச் சுமார் 50 நிமிடம் ஆனது. ஒரு செய்திக்கு ஒரு நிமிடம் என்ற கணக்கு. ஒருவர் படிப்பார், மற்றவர் உறுதி செய்வார், சுவிட்சைத் தொடுவதற்கு முன் இருவரும் விரலையும் சுவிட்சையும் பார்ப்பார்கள், பிறகு அந்த அமைப்பின் பக்கத்தைத் திறந்து மாற்றம் வந்ததா என்று பார்ப்பார்கள். சிமுலேட்டரில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை விமானிகளுக்குச் சோதனை உண்டு. அதில் வழக்கமாக வருவது ஓடுபாதையில் கிளம்பும் வேகத்தில் ஒரு என்ஜின் நிற்பது. அதற்கு ஒன்றிரண்டு பட்டியல்கள் போதும். ஐம்பது செய்திகளுக்கு யாரும் ஒத்திகை பார்த்ததில்லை. பத்தாவது செய்தியிலேயே கை தானாக ஓட ஆரம்பிக்கும். அங்கேதான் தப்பு நடக்கும். துணை விமானி மேட் ஹிக்ஸ் அந்தத் தாளத்தைக் கடைசிவரை கெடாமல் வைத்திருந்தது பெரிய காரியம்.

அதைவிட முக்கியம், ஈகேம் சொன்னதையெல்லாம் அவர்கள் கண்ணை மூடிக்கொண்டு செய்யவில்லை. இரண்டு இறக்கைகளுக்கும் இடையே எரிபொருள் எடை சமமில்லாமல் போனபோது, எரிபொருளை இடம் மாற்றச் சொல்லும் செய்திகள் வந்தன. இடது இறக்கையில் கசிவு இருந்தது. நல்ல டேங்கிலிருக்கும் எரிபொருளை எடுத்து ஓட்டை டேங்கில் ஊற்றச் சொல்லும் வழிமுறையாக அது முடிந்திருக்கக்கூடும். எந்த வால்வு வேலை செய்கிறது, எந்தக் குழாய் அறுந்திருக்கிறது என்று தெரியாத நிலையில், அந்தப் படிகளைச் செய்வதில்லை என்று பேசி முடிவெடுத்தார்கள். கணினி ஒவ்வொரு கோளாறையும் தனித்தனியாகத்தான் பார்க்கிறது. ஒரே துண்டு உலோகம் எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் வெட்டியிருக்கிறது என்று அதற்குத் தெரியாது. அதை மனிதர்கள்தான் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

செய்திகள் குவிந்துகொண்டே போனபோது கேப்டன் கேள்வியைத் திருப்பிப் போட்டதாகப் பின்னாளில் சொல்லியிருக்கிறார். எதெல்லாம் கெட்டுவிட்டது என்று எண்ணுவதை விட்டுவிட்டு, எதெல்லாம் வேலை செய்கிறது என்று கணக்கெடுத்தார். மிச்சமிருப்பதை வைத்து ஒரு சின்ன விமானத்தை மனதில் கட்டி, அதை இறக்கினால் போதும் என்று நினைத்தார். விமானி வகுப்புகளில் இன்று பரவலாக எடுத்துச் சொல்லப்படும் பாடம் இது. ஐம்பது உருப்படிகளை நினைவில் வைத்துக்கொண்டு யோசிக்க மனித மூளையால் ஆகாது. ஆறு உருப்படிகளை வைத்து யோசிக்க முடியும்.

ஐந்து பேர், ஒரு காக்பிட்

அன்று காக்பிட்டில் ஐவர் இருந்தது தற்செயல். கேப்டன், துணை விமானி ஹிக்ஸ், இரண்டாம் துணை விமானி மார்க் ஜான்சன் ஆகிய மூவர் வழக்கமான குழு. கேப்டனின் பணியைச் சோதிக்க வந்தவர் ஹாரி வூபன். அந்தச் சோதனையாளரை மேற்பார்வையிட வந்தவர் டேவிட் எவன்ஸ். ஐவரின் பறப்பு மணிகளைக் கூட்டினால் 70,000-ஐத் தாண்டும். இதை அதிர்ஷ்டம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. மூன்று கேப்டன்கள் ஒரே அறையில் இருந்தால் மூன்று உத்தரவுகள் பிறக்கும் ஆபத்தும் உண்டு. இங்கே வேலை பிரிந்துதான் நடந்தது. கேப்டன் விமானத்தை ஓட்டினார், ஹிக்ஸ் ஈகேமைப் பார்த்தார், பின்னால் இருந்தவர்கள் விட்டுப்போனதைச் சொன்னார்கள், கணக்குப் போட்டார்கள்.

எல்லா என்ஜின்களும் நின்றுவிட்டாலும் சறுக்கியபடி ஓடுபாதையை எட்ட வேண்டும் என்பதற்காகக் கேப்டன் 10,000 அடிக்கு ஏற நினைத்தார். மற்றவர்கள் வேண்டாம் என்றார்கள். அவர் விட்டுவிட்டார். சேவைத் தரத்துக்கு அளவுகோல் கேட்டால் இந்த ஒரு இடத்தைக் காட்டலாம். மேலதிகாரி சொன்னதை மறுக்கக் கீழிருப்பவருக்கு வாய் வந்தது, மறுத்ததைக் கேட்க மேலதிகாரிக்குக் காது இருந்தது.

ஜான்சன் கேபினுக்குப் போய் இறக்கையை நேரில் பார்த்தார். மேல் தளத்தில் பயணியாக வந்திருந்த, அதே நிறுவனத்தின் விமானி ஒருவர், இருக்கைத் திரையில் ஓடிக்கொண்டிருந்த வால் கேமராவின் படத்தைக் காட்டினார். இடது இறக்கையிலிருந்து ஏதோ திரவம் நீண்ட பட்டையாகப் போய்க்கொண்டிருந்தது. காக்பிட்டிலிருந்து இறக்கையின் சேதப்பகுதியைப் பார்க்கவே முடியாது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கோடிக்கணக்கில் செலவழித்துப் பொருத்திய சென்சார்கள் சொல்லாததை, பயணியின் இருக்கைத் திரையில் ஓடிய கேமராப் படம் சொன்னது.

சறுக்கிய இடமும் இதே கேபின் தொடர்புதான். சத்தம் கேட்டதும் கேபின் சேவை மேலாளர் மைக்கேல் வான் ரெத்தின் தரப்பிலிருந்து அவசர அழைப்பு காக்பிட்டுக்குப் போனது. அங்கே ஹார்ன் ஒலித்தது. ஏற்கெனவே ஈகேம் ஓயாமல் ஒலி எழுப்பிக்கொண்டிருந்ததால், இதையும் அதில் ஒன்று என்று நினைத்து ஒலியை நிறுத்திவிட்டார்கள். கேபினில் இருப்பவர்கள் கண்ணால் பார்த்ததைச் சொல்ல வழி இல்லாமல் காத்திருக்க வேண்டியதாயிற்று. ஆட்களைக் குறை சொல்வதைவிட ஒலி வடிவமைப்பைக் குறை சொல்வதே சரி. இரண்டு வேறு ஆபத்துகளுக்குக் காது பிரித்தறிய முடியாத ஒலிகள் இருக்கக் கூடாது. ஆனாலும், சில நிமிடம் கழித்தாவது ஒருவர் இன்டர்காமை எடுத்துக் கேபினிடம் தாங்களாகவே கேட்டிருக்கலாம் என்பது நியாயமான எதிர்பார்ப்பு.

இறக்கிய விதம்

எரிபொருளைக் கொட்ட முடியாததால், தரையிறங்க அனுமதிக்கப்பட்ட உச்ச எடையைவிடச் சுமார் 50 டன் கூடுதலாக இருந்தது. சாங்கியின் ஓடுபாதை 4,000 மீட்டர். இவ்வளவு போதுமா என்று கணக்கிடும் மென்பொருளில் கோளாறுகளையெல்லாம் கொடுத்தபோது முதலில் விடையே வரவில்லை. ஓடுபாதை ஈரமாக இல்லை என்பதால் அந்த நிபந்தனையை நீக்கி, உள்ளீடுகளைச் சரிபார்த்து மீண்டும் போட்டார்கள். 166 நாட் வேகத்தில் இறங்கினால் 100 மீட்டர் மிச்சம் என்று வந்தது. மணிக்கு 300 கிலோமீட்டருக்கும் மேல். ஏ380 வழக்கமாக இறங்குவது 140 நாட்டை ஒட்டி. வேகம் மட்டும் கூடியதிலேயே பிரேக்குகள் விழுங்க வேண்டிய ஆற்றல் சுமார் 40 விழுக்காடு உயர்கிறது. எடை தனி.

வேகத்தைக் கூட்டியதற்குக் காரணம் ஸ்லாட்கள் இல்லாதது. முன்விளிம்பு நீளாவிட்டால் இறக்கை சீக்கிரமே தாங்கும் சக்தியை இழக்கும், அதாவது ஸ்டால் ஆகும். வேகம் கொஞ்சம் குறைந்தால் ஸ்டால், கொஞ்சம் கூடினால் ஓடுபாதை போதாது. இந்த இடைவெளி சில நாட் வேகம்தான். அதனால் இறங்குவதற்கு முன்பே பாதுகாப்பான உயரத்தில் விமானத்தை மெதுவாக இப்படியும் அப்படியும் சாய்த்து, கட்டுப்பாடு எந்த அளவுக்கு இருக்கிறது என்று சோதித்துப் பார்த்தார்கள். பலர் விட்டுவிடும் படி இது. தரைக்குப் பக்கத்தில் முதல்முறையாகத் தெரியவரும் சங்கதி கையைக் கட்டிப்போட்டுவிடும்.

சக்கரங்களை ஹைட்ராலிக் இல்லாமல், தன் எடையால் விழும்படி இறக்கினார்கள். தானியங்கித் த்ரஸ்ட் இல்லாததால் வேகத்தைக் கையால் பிடிக்க வேண்டும். கேப்டன் இரண்டு வெளி என்ஜின்களையும் ஒரே அளவில் நிறுத்திவைத்து, 3-ஆம் என்ஜினை மட்டும் கூட்டிக் குறைத்து வேகத்தைச் சரிசெய்தார். அருமையான யோசனை. மூன்று லீவர்களையும் அசைத்துக்கொண்டிருந்தால் மூக்கு இடமும் வலமும் திரும்பிக்கொண்டே இருக்கும். ஆட்டோபைலட் வரும் வழியில் ஓரிரு முறை விலகியது. சுமார் 1,000 அடியில் மீண்டும் விலகியபோது, அதற்கப்புறம் கையாலேயே ஓட்டினார். தரையைத் தொடும் கட்டத்தில் வேக எச்சரிக்கையும் ஸ்டால் எச்சரிக்கையும் குரல் கொடுத்தன. எவ்வளவு ஒடுங்கிய வாய்க்கால் வழியாக அந்த விமானம் வந்தது என்பதற்கு அதுவே அளவு.

ஓடுபாதையில் பூட்டாத பிரேக், அதாவது ஆன்டி-ஸ்கிட், உடலடிச் சக்கரங்களுக்கு மட்டும் இருந்தது. இறக்கையடிச் சக்கரங்களுக்கு இல்லை. மூக்குச் சக்கரம் தரையில் பதியும்வரை பிரேக்கை மிதிக்கக் கூடாது என்பது நிபந்தனை. ஏ380-இல் பின்னோக்கித் தள்ளும் வசதி 2, 3 என்ற உள் என்ஜின்களில் மட்டும் உண்டு. 2 போய்விட்டதால் ஒன்றுதான் மிச்சம். முழு பிரேக், ஒற்றை ரிவர்ஸ். காலை 11.46-க்குத் தொட்ட விமானம் ஓடுபாதை முடிய சுமார் 150 மீட்டர் இருக்கும்போது நின்றது. கணக்கில் வந்தது 100. பாதி செத்துப்போன விமானத்தில் கணக்கும் கையும் இவ்வளவு நெருங்கி வந்தது தொழில்திறமைதான்.

தரையில் எடுத்த முடிவு

நின்றதும் ஆபத்து முடியவில்லை, வடிவம் மாறியது. பிரேக் சூடு 900 டிகிரி செல்சியஸைத் தொட்டது. நான்கு டயர்கள் காற்றிறங்கின. இடது இறக்கையிலிருந்து எரிபொருள் அந்தப் பிரேக்குகளுக்குப் பக்கத்திலேயே ஒழுகியது. விமான எரிபொருள் சுமார் 210 டிகிரியிலேயே பொறி இல்லாமல் பற்றக்கூடியது. என்ஜின்களை அணைத்தபோது 1-ஆம் எண் மட்டும் அணையவில்லை. அதன் எரிபொருள் வால்வுகளுக்குப் போகும் கம்பிகள், ஒன்று அறுந்தாலும் இன்னொன்று வேலை செய்யட்டும் என்று இரு வேறு வழிகளில் போடப்பட்டிருந்தன. இரண்டு வழிகளும் அறுந்திருந்தன. சுவிட்ச், தீயணைப்புக் கைப்பிடி என்று எதற்கும் அது அடங்கவில்லை. காக்பிட்டில் மின்சாரம் போய் ஒரே ஒரு ரேடியோ மிஞ்சியது. என்ஜினை அணையுங்கள், அப்போதுதான் பக்கத்தில் வரமுடியும் என்று தீயணைப்புத் தளபதி சொன்னார். அணைத்துவிட்டோம் என்று விமானிகள் சொன்னார்கள். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

எல்லா வாசல்களையும் திறந்து சறுக்குப்பலகைகளில் ஆட்களை இறக்கிவிட வேண்டியதுதானே என்று தோன்றும். ஏ380-இன் வெளியேற்றச் சோதனை 2006 மார்ச்சில் ஹாம்பர்க்கில் நடந்தது. 16 வாசல்களில் பாதியை மட்டும் பயன்படுத்தி 873 பேர் 78 விநாடியில் வெளியேறினார்கள். அந்த ஒத்திகையிலேயே ஒருவருக்குக் கால் உடைந்தது, முப்பதுக்கு மேற்பட்டோருக்குச் சிறு காயங்கள். அங்கே வந்தவர்கள் தயாராக வந்தவர்கள். இங்கே முதியவர்கள், குழந்தைகள், சக்கரநாற்காலியில் வந்தவர்கள். மேல் தள வாசல் தரையிலிருந்து எட்டு மீட்டர் உயரம். கீழே எரிபொருள் குளம், இடப்பக்கம் ஓடும் என்ஜின். தீ இல்லாதவரை விமானத்துக்குள் இருப்பதே பத்திரம் என்று முடிவெடுத்தார்கள்.

இந்த முடிவைச் சும்மா உட்கார்ந்திருப்பது என்று எண்ணிவிடக் கூடாது. தீயணைப்பு வண்டிகள் எரிபொருளின் மேல் நுரை போட்டுக்கொண்டே இருந்தன. கேபின் குழுவினர் வாசல்களை ஆயத்த நிலையிலேயே வைத்து, வாசலுக்கு வாசல் நின்றார்கள். பொறி தெரிந்தால் ஒரே சொல்லில் வெளியேற்றத்தைத் தொடங்கத் தயார். அறிவிப்புகள் தொடர்ந்து வந்தன. ஏறக்குறைய 50 நிமிடம் கழித்து, வலப்பக்கத்தில் ஒரே ஒரு வாசலில் படிக்கட்டு வைத்துப் பயணிகளை இறக்கத் தொடங்கினார்கள். ஒரே வாசல் என்பதால் தாமதம்தான், கடைசிப் பயணி இறங்க இன்னும் சுமார் ஒரு மணி நேரம் பிடித்தது. அதற்குப் பதிலாகக் கூட்டம் ஒரே வரிசையில் வந்தது, எண்ணி இறக்க முடிந்தது, யாரும் இடப்பக்கம் போகவில்லை. 469 பேரில் ஒருவருக்கும் காயமில்லை. 1-ஆம் என்ஜினுக்குள் நேராக நுரையைப் பாய்ச்சி அதை அடக்கத் தரையிறங்கியதிலிருந்து சுமார் 3 மணி நேரம் ஆயிற்று.

வெளியேற்றத்துக்கு உத்தரவிட்டிருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். கால் உடைந்தவர்களை எண்ணிவிட்டு, உயிர் தப்பியதே என்று சொல்லியிருப்பார்கள். இடது இறக்கையின் டேங்க் ஒன்றுக்குள் ஒரு சிறு தீ பற்றித் தானே அணைந்த தடயம் விசாரணையில் பிறகு தெரியவந்தது. அதைப் படித்துவிட்டு, காத்திருந்தது தவறோ என்று கேட்பவர்கள் உண்டு. அன்று கையில் இருந்த தகவல்களை வைத்துப் பார்த்தால் முடிவு சரி. முடிவு தப்பாகிப்போனால் உடனே மாற்றிக்கொள்ள வசதியும் வைத்திருந்தார்கள்.

முனையத்துக்குள் வந்த பிறகு கேப்டன் பயணிகளிடம் நேரில் நடந்ததை விளக்கி, தன் கைபேசி எண்ணையும் கொடுத்தார். எந்தப் பட்டியலிலும் இல்லாத படி அது. அதிர்ச்சி இரவில்தான் வேலை காட்டும் என்று தெரிந்த ஒருவர் செய்தது.

இதே வேலை வேறு இடங்களில்

ஒப்பிடாமல் தரம் தெரியாது. 1989 ஜனவரி 8, லண்டன் ஹீத்ரோவிலிருந்து பெல்ஃபாஸ்ட் போன பிரிட்டிஷ் மிட்லண்ட் 92. போயிங் 737-400. இடது என்ஜினில் விசிறி இதழ் உடைந்தது. அதிர்வும் புகை நெடியும் வந்தவுடன் விமானிகள் வலது என்ஜினின் விசையைக் குறைத்தார்கள். தற்செயலாக அதே சமயத்தில் அதிர்வு அடங்கியது. சரியான என்ஜினைப் பிடித்துவிட்டோம் என்று நம்பி, நன்றாக இருந்த அதை அணைத்தார்கள். அதிர்வு அளவைக் காட்டும் முள் மிகச் சின்னது, கண்ணில் படவில்லை. தரையிறங்க வந்தபோது, 900 அடியில், இடது என்ஜினும் கைவிட்டது. கெக்வொர்த் கிராமத்தருகே எம்1 நெடுஞ்சாலைக் கரையில் விழுந்ததில் 126 பேரில் 47 பேர் இறந்தார்கள். வலது என்ஜினில் கோளாறு என்று கேப்டன் அறிவித்ததைப் பயணிகள் கேட்டார்கள். இடப்பக்கம் தீப்பொறி பறந்ததைப் பார்த்தவர்களும் கேபினில் இருந்தார்கள். ஒருவரும் முன்னால் போய்ச் சொல்லவில்லை.

2015 பிப்ரவரி 4 அன்று தைப்பேயில் டிரான்ஸ்ஏஷியா 235 விழுந்ததும் இதே வகை. இரண்டாம் என்ஜினில் கோளாறு, அணைத்தது முதலாம் என்ஜினை. 58 பேரில் 43 பேர் இறந்தார்கள். இரண்டு விபத்துகளிலும் கை அறிவை முந்திக்கொண்டது.

மறுபக்கத்தில், வேகம் தேவைப்பட்ட நிலையும் உண்டு. 2018 ஏப்ரல் 17, சவுத்வெஸ்ட் 1380. சுமார் 32,000 அடியில் விசிறி இதழ் உடைந்து, சிதறிய துண்டு ஜன்னலைப் பெயர்த்தது. காற்றழுத்தம் போனது, ஒரு பயணி இறந்தார். கேப்டன் டாமி ஜோ ஷல்ட்ஸின் குழு முதலில் உயரத்தை இறக்கி, காயம்பட்டவர் இருப்பது தெரிந்ததும் பட்டியல்களைச் சுருக்கிக்கொண்டு, சுமார் 17 நிமிடத்தில் ஃபிலடெல்ஃபியாவில் இறக்கியது. அங்கே 50 நிமிடம் வட்டமடித்திருந்தால் அது பெரும் பிழை. குவாண்டாஸ் குழுவைப் பாராட்டும்போது நிதானத்தை மட்டும் தனியாக எடுத்துப் பாராட்டக் கூடாது என்பதற்காக இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. எரிபொருள், உயரம், தீயில்லாத கேபின் மூன்றும் அவர்களுக்கு நேரத்தைக் கொடுத்தன. அந்த நேரத்தை அவர்கள் முழுதாகச் செலவழித்தார்கள்.

விமானம் பழுது நீக்கப்பட்டு 2012 ஏப்ரலில் மறுபடி சேவைக்கு வந்தது.

பயணிகளாகிய நாம் இந்தச் சேவையில் வெறும் வாடிக்கையாளர்கள் இல்லை. வால் கேமராவைக் காட்டியவர் இருக்கையில் உட்கார்ந்திருந்த ஒரு பயணிதான். ஜன்னல் வழியாகத் தீ, புகை, இறக்கையில் ஓட்டை, ஒழுகும் திரவம் எது தெரிந்தாலும் பக்கத்தில் இருக்கும் கேபின் பணியாளரிடம் உடனே சொல்லுங்கள். அவர்களுக்குத் தெரிந்திருக்கும் என்று விட்டுவிடாதீர்கள். சொல்லும்போது மூன்று விவரம் வேண்டும்: விமானத்தின் மூக்கைப் பார்த்தபடி இடமா வலமா, உங்கள் வரிசை எண் என்ன, எப்போதிலிருந்து தெரிகிறது. அறிவிப்பில் வலது என்று சொல்லி நீங்கள் பார்த்தது இடது என்றால், அந்த முரண்பாட்டையும் அதே சொற்களில் சொல்லுங்கள்.